சோஃபா பார்க்கும் படலம்

“மூஞ்சியக் கழுவு. நல்ல கவுனா எடுத்துப் போட்டுக்கோ. சோஃபா பாக்கப் போறோம்” என்றார் அப்பா.

“மறுபடியுமா?” என்றாள் மகள்.

அந்தக் கோடையில் அந்தக் குடும்பம் போன உல்லாசப் பயணமெல்லாம் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பஸ் பிடித்து, கடைத்தெருவில் இருக்கும் பெரிய ஃபர்னிச்சர் கடைக்குப் போவது.

அவர்களுடைய வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. மத்தியானம் ஃபேனைப் போட்டால் அனலை அள்ளிக் கொட்டும். அப்பாவுக்கு லிஃப்ட் ரிப்பேர் செய்கிற வேலை. வாரம் முழுக்க புழுக்கத்தில் கிடக்கிற உடம்பு லீவு நாளிலாவது குளிர வேண்டாமா?

கடை வாசலில் கடைசி எச்சரிக்கை கொடுத்தார். “உள்ள ஜில்லுனு காத்து பட்டதும் யாரும் ‘அப்பாடா’ன்னு சொல்லக் கூடாது. சரியா?”

கதவைத் திறந்ததுமே, டை கட்டிய சேல்ஸ்மேன் ஓடி வந்தான். பெரிய சோஃபா ஒன்றில் உட்கார வைத்தான். அவர்களுக்காகவே ஏசியைப் போட்டான்.

“அப்பாடா!” என்றாள் மகள்.

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

“சோஃபா எல்லாம் அவசரப்பட்டு வாங்கற சமாச்சாரம் இல்ல சார்” என்றான் சேல்ஸ்மேன். “உக்காரணும், சாயணும், முடிஞ்சா ஒரு குட்டித் தூக்கம் போட்டுப் பாக்கணும்.”

“அதச் சொல்லுங்க!” என்றவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தாராளமாகவே சாய்ந்தார்.

ஒரு வாரம் கலர் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் கைப்பிடி உயரமாகத் தெரிந்தது. அதற்கடுத்த வாரம், வீட்டு வாசல் வழியாக சோஃபா நுழையுமா என்று பெரிய சந்தேகம்.

“அளந்துட்டு வந்து சொல்றேனே.”

“நிதானமா அளங்க சார். அடுத்த ஞாயித்துக்கிழமை மறக்காம வந்துடுங்க. போன் நம்பர் மட்டும் குடுத்துட்டுப் போங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி பொருமினாள்.

“அந்தத் தம்பி தொண்டத்தண்ணி வத்தப் பேசறான். நாம போனாலே ஓடிப்போய் ஏசி போடறான். கொஞ்சமாவது மனசு உறுத்துதா உங்களுக்கு?”

“நாம என்ன திருடவா போறோம்? காத்து வாங்கத்தானே போறோம்.”

“அந்தக் கடையில காத்தா விக்கறாங்க?”

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவி காலை நீட்டிப் படுத்துவிட்டாள். “நான் வரல. அந்தப் பையன் மூஞ்சியில முழிக்க என்னால ஆகாது.”

மூன்று பேரும் வீட்டிலேயே வெந்துகொண்டிருந்தார்கள். அப்போது போன் அடித்தது.

“சார், இன்னைக்கு வரலியா? நீங்க கேட்ட கலர்லயே புது மாடல் வந்திருக்கு சார்! அக்காவையும் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. இப்பவே வந்தாலும் சரி!”

“இன்னைக்கு முடியாது தம்பி. அடுத்த வாரம் பாக்கலாம்” என்று போனை வைத்தவருக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தியா? மரியாதைன்னா இது!”

மனைவிக்குப் பகீரென்றது. எவ்வளவு நம்பியிருக்கிறான்! இதை இப்படியே விடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

அடுத்த வாரம் அவளே முதல் ஆளாகக் கிளம்பினாள். கடையில் வழக்கம்போல வரவேற்பு, உபசாரம், குளிர்ந்த காற்று. சற்று நேரத்தில் கணவர் வாயைத் திறந்தபடி சோஃபாவில் குறட்டை விட ஆரம்பித்தார். மகள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள்.

மனைவி எழுந்து சேல்ஸ்மேனை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“தம்பி, எங்கள மன்னிச்சிடுங்க. நாங்க சோஃபா வாங்க வரல. வாங்கற நிலைமையும் இல்ல. வீட்ல வெக்கை தாங்கல, அதான் வந்து உக்காந்துட்டுப் போறோம். இனிமே உங்கள இப்படி அலைய விடமாட்டோம். அவங்கள எழுப்பிக் கூட்டிட்டுப் போயிடறேன்.”

திட்டுவான் என்றுதான் நினைத்தாள். அவன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

“ஐயோ அக்கா, எழுப்பிடாதீங்க! நீங்க வாங்க மாட்டீங்கன்னு முதல் நாளே தெரியும்.”

“அப்புறம் ஏன் போன் பண்ணிக் கூப்பிட்டீங்க? புது மாடல் வந்திருக்குன்னீங்க?”

“புது மாடலும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா.” குரலைத் தாழ்த்தினான். “கடையில கஸ்டமர் இருந்தாத்தான் ஏசி போடணும்னு முதலாளி உத்தரவு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த வெயில்ல உங்கள விட்டா யாரு வர்றா? போன வாரம் நீங்க வராம, கேஷ்ல உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு, மயக்கம் போட்டு விழுந்துடுச்சு. அதுக்கு இது எட்டாம் மாசம்க்கா.”

அவள் திரும்பிப் பார்த்தாள். கேஷ் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, சங்கடமாகச் சிரித்தாள்.

அதற்குள் மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார். இவள் பையும் கையுமாக நிற்பதைப் பார்த்தார். அவர் கை தானாகவே ஏசி ஸ்விட்ச் பக்கம் போயிற்று.

“என்னம்மா, கிளம்பிட்டீங்களா?”

இத்தனை நாளும் பொய் சொல்லக் கூசியவள், தோளிலிருந்த பையை இறக்கி சோஃபாவில் வைத்தாள்.

“யாரு சொன்னா? கட்டில் எல்லாம் எந்தப் பக்கம் தம்பி? ஒண்ணொண்ணா படுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லணும்!”