மாஸ்டர் போட்ட கோடு

"கையும் களவுமா பிடிச்சுட்டேம்மா. இனி நீங்கதான் நியாயம் சொல்லணும்."

முதலாளியம்மாவின் மேஜைக்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினார் கட்டிங் மாஸ்டர். அவருக்குப் பின்னால், தலையைத் தொங்கப் போட்டபடி இஸ்திரிக்காரர்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சின்னக் கம்பெனி அது. சாயங்காலம் எண்பது துணியை அடுக்கி, அளவுச் சீட்டைப் பார்த்து, மேல் துணியில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போவார் மாஸ்டர். காலையில் வந்து அந்தக் கோட்டின் மேல் வெட்டு மிஷினை ஓட்டுவார். எண்பதும் ஒரே வெட்டில் விழும்.

இஸ்திரிக்காரர் மாஸ்டரின் தங்கையைக் கட்டியவர். இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லர் சூடாக வேண்டுமே என்று எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார்.

"வாட்ச்மேனைப் பாக்கச் சொல்லியிருந்தேம்மா. இந்த ஆளு காலையிலே என் மேஜைகிட்டப் போய், நான் போட்ட கோட்டை அழிச்சுட்டு வேற கோடு போடறாரு. நான் வெட்டறது வீணாப் போகணும், என் பேரு கெடணும். அதுதான் எண்ணம்!"

"இதுவரைக்கும் ஏதாவது துணி வீணாப் போச்சா மாஸ்டர்?"

"நான் வெட்டறதாலே போகலைம்மா. வேற எவனாவதுன்னா இந்நேரம் கம்பெனியையே மூடியிருப்பீங்க."

"புதுக் கோடு சரியா, தப்பான்னு அளந்து பாத்தீங்களா?"

"என் கோட்டை நான் எதுக்கும்மா அளக்கணும்? முப்பது வருஷக் கை இது."

முதலாளியம்மா இஸ்திரிக்காரரைப் பார்த்தாள். "கோட்டைத் தொட்டீங்களா?"

"தொட்டேம்மா."

"எதுக்கு?"

அவர் மாஸ்டரை ஒரு தடவை பார்த்தார். "தப்புத்தாம்மா."

"கேட்டீங்களா? அவர் வாயாலேயே வந்துடுச்சு!" என்றார் மாஸ்டர்.

இருவருக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம். எப்போதோ மாஸ்டர் வெட்டிய ஒரு காலரைப் பார்த்து, "மச்சான், இது கழுத்துக்கா, காதுக்கா?" என்று இஸ்திரிக்காரர் கேட்டுவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறந்துவிட்டார்கள். மாஸ்டர் மறக்கிற ஆள் இல்லை. தங்கை வீட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை.

அன்றைக்கு மத்தியானம் தையல்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் இஸ்திரிக்காரர் முதலாளியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டிங் ரூமுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி மாஸ்டர் இடுப்பில் ஏறியது. மூன்று நாள் அவர் நடையே வேறாக இருந்தது. அந்த மூன்று நாளும் வெட்டு வேலை இல்லை; மூன்றாம் நாள் சாயங்காலம்தான் புது அடுக்குக்குக் கோடு போட்டார்.

நாலாம் நாள் காலையில் மிஷினைக் கையில் எடுத்தபோது ஜன்னல் பக்கம் ஒரு குரல்.

"மச்சான்... வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து பாத்துடுங்க."

பதினோரு வருஷத்துக்கப்புறம் வந்த முதல் வார்த்தை.

மாஸ்டர் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "வேவு பாக்கற புத்தி மட்டும் சிலருக்குப் போகவே போகாது."

மிஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் ஜன்னல் பக்கம் கேட்ட அடுத்த வார்த்தை அமுங்கிப் போனது.

மத்தியானம் முதல் அரைக்கால் சட்டை தைத்து முடிந்தது. பதினெட்டு அங்குலம் இருக்க வேண்டியது பதின்மூன்றுதான் இருந்தது. எண்பதும் அப்படித்தான். அந்த மாதிரித் துணி இனிக் கடையிலும் கிடையாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

"இதுவும் அவர் வேலைதாம்மா!" என்றார் மாஸ்டர்.

"சாவி உங்க இடுப்புல இருக்கு மாஸ்டர்."

"ஜன்னல் இருக்கே! காலையிலே அங்கேதான் நின்னாரு. கூப்பிட்டுக் கேளுங்க."

இஸ்திரிக்காரர் வந்தார். முதலாளியம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு காகிதத்தை மாஸ்டர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்களா விலகிக்கறதா எழுதியிருக்கேன். முப்பது வருஷம் வேலை பாத்தவரை நான் அனுப்பினதா இருக்க வேண்டாம். படிச்சுப் பாத்து, கீழே கோட்டுல கையெழுத்துப் போடுங்க."

மாஸ்டர் காகிதத்தை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். பேனா காகிதத்தின் மேல் இங்கும் அங்கும் அலைந்தது.

"எங்கேம்மா போடணும்? கோட்டையே காணோமே."

"மாஸ்டர்... உங்களுக்குக் கண்ணு..."

"கண்ணுக்கு என்ன? இந்த ரூம்ல வெளிச்சம் பத்தலை."

ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. மேஜையெல்லாம் வெயில்.

முதலாளியம்மா மெதுவாக இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"பதினாலு மாசமா தெரியும்மா. ஒருநாள் பாய்லரைப் போட்டுட்டுச் சும்மா பாத்தேன். சீட்டுல எட்டு, கோட்டுல மூணு. அப்புறம் தினமும் பாக்க ஆரம்பிச்சேன்."

"அன்னிக்குத் திருடன் மாதிரி நிக்க வெச்சாரே! அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

இஸ்திரிக்காரர் முன்னால் வந்தார். காகிதத்தில் கோடு இருந்த இடத்தில் தன் விரலை வைத்தார். மாஸ்டரின் பேனா அந்த விரலைத் தொட்டு நின்றது.

"சொல்லியிருந்தா இந்தக் காகிதம் அன்னிக்கே வந்திருக்குமேம்மா."