கிரிவல அசதி

மேடையில் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் பார்வையாளர் வரிசையில் தங்கம்மாள் முந்தானையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். அழ வேண்டிய இடம் இதுதான்.

வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் நல்ல கூட்டம். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறை நாடகம். எழுதியதும் அம்மாவாக நடிப்பதும் அவளுடைய சின்ன மகள் ஆர்த்தி.

பாட்டி காலம் சிரிப்பும் கும்மாளமுமாக முடிந்துவிட்டது. இப்போது அம்மா காலம். அதாவது, தங்கம்மாளின் காலம்.

ஆர்த்தி கதை கேட்டபோது, தங்கம்மாள் வருஷக்கணக்காக ஊருக்குச் சொன்னதையேதான் அவளுக்கும் சொன்னாள். பௌர்ணமிக்கு ஏழு வயது ஆர்த்தியோடு கிரிவலம் சுற்றிவிட்டு, விடிந்ததும் வந்து இருவரும் பாயில் விழுந்தார்கள். கட்டிக்கொடுத்த பெரியவள் ரேணுகா, புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறாள். அசதித் தூக்கம், காதில் விழவில்லை. திரும்பிப் போனவள் கிணற்றில் விழுந்துவிட்டாள்.

திருவண்ணாமலையில் இதை யார் குறை சொல்வார்கள்? மலை சுற்றி வந்தவர்கள் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஐயோ பாவம் என்று ஊரே அவளோடு சேர்ந்து அழுதது.

மேடையில் மறுபடியும் தட்டினார்கள். "அம்மா, நான்தாம்மா. கதவத் தொறம்மா."

அம்மாவாகப் பாயில் படுத்திருந்த ஆர்த்தி கண்ணைத் திறந்தாள்.

கூட்டம் 'ஐயையோ' என்றது. தங்கம்மாள் முந்தானையைக் கீழே விட்டாள். இதை அவள் சொல்லவே இல்லையே!

அன்றைக்கு முழித்துக்கொண்டுதான் கிடந்தாள், பாவி. மறுபடியும் வாழாமல் வந்து நிற்கிறாளே, ஊர் சிரிக்குமே, அப்பன் இல்லாத சின்னவளை நாளைக்கு எவன் கட்டுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அது அவளுக்கும் அண்ணாமலையானுக்கும் மட்டுமே தெரியும்.

நாடகம்தானே, கூட்டிக் குறைத்துத்தான் எழுதுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலி ராணியம்மாள் கிசுகிசுத்தாள். "படுத்திருக்கிறதுகூட அப்படியே உன்ன மாதிரியே இருக்குதுக்கா."

தட்டுவது நிற்கவில்லை. மேடையில் அம்மா, பக்கத்தில் படுத்திருந்த சிறுமியைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டி, பிள்ளையின் காதை உள்ளங்கையால் பொத்தினாள். அன்றைக்குத் தங்கம்மாள் பொத்தியது போலவே, அழுத்தாமல், தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று.

சிறுமி கூட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் கண்கள் திறந்தே இருந்தன.