மலையேறிய பேட்டரி

அந்தக் காரின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. குளிர்காலம் வந்ததிலிருந்து தன் தெம்பு நாளுக்கு நாள் குறைவது அதற்கே தெரிந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் கழற்றி எறிந்துவிடுவார்களே என்ற பயத்தில் அது வாயே திறக்கவில்லை.

அப்பாவும் அம்மாவும் குழந்தையோடு பனிமலைக்குப் புறப்படும் காலையில், தன் குரல் மங்கிவருவதைக் கவனித்திருந்த ஹாரன் கெஞ்சியது. "அண்ணே, இன்றைக்கு ஸ்டார்ட் ஆகாமல் இருந்துவிடுங்கள். வீட்டு வாசலில் நின்றால் மெக்கானிக் வருவார். மலையில் நின்றால் யார் வருவார்கள்?"

"எனக்கு ஒன்றுமில்லை" என்ற பேட்டரி, பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்சினைக் கிளப்பியும் காட்டியது.

மலையுச்சியில் குழந்தைக்குப் பனியைக் காட்ட அப்பா காரை நிறுத்தினார். திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். அதுவும் வரவில்லை.

காருக்குள் இருந்த சூடு மெல்ல அடங்கியது. போர்வைகூட எடுத்து வரவில்லை. அம்மா குழந்தையைத் தன் ஸ்வெட்டருக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். விடாமல் அழுத குழந்தை, ஒரு மணி நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டது. அந்த அமைதியைக் கேட்டுத்தான் பேட்டரி நடுங்கியது.

"ஒரே ஒரு தடவை நான் கத்துகிற அளவுக்காவது கொடுங்கள், அண்ணே" என்றது ஹாரன். பேட்டரியிடம் அதுகூட இல்லை.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. அதன் டிரைவர் இரண்டு பேட்டரிகளையும் ஒயரால் இணைத்தார். இஞ்சின் உறுமியது. உள்ளே குழந்தை மறுபடி அழத் தொடங்கியது.

"எத்தனை நாளாக இப்படி இருக்கிறாய், தம்பி?" என்று ஜீப்பின் பேட்டரி பரிவோடு கேட்டது.

"இன்றைக்குத்தான், அண்ணே" என்றது பேட்டரி.