கோட்டுக்கு இந்தப் பக்கம்

காட்டுக் கல்லூரியின் ஓட்டக்காரி புள்ளிமான். அவள் ஓடும் நாளில் மைதானம் நிரம்பிவிடும். அவள் படம் போட்ட பனியன்களை விற்றே விளையாட்டுச் செயலாளர் நரி கல்லூரிக்குப் புதுக் கட்டடம் எழுப்பிவிட்டது.

"பனியன் காசுல எனக்கும் பங்கு வேணும். போன வருஷம் உங்களுக்காக ஓடின மிளா அக்காவுக்குக் கால் உடைஞ்சதும் ஹாஸ்டல் புல்லை நிறுத்தினீங்களே, அதை நான் மறக்கல" என்றாள் மான்.

"நீ மாணவிம்மா. காசு வாங்கினா விளையாட்டோட புனிதம் என்னாகும்? சட்டமும் இடம் கொடுக்காது" என்றது நரி.

"சட்டம் எழுதினது யாரு?"

"நாங்கதான்."

இறுதிப் போட்டியில் மான் பறந்தாள். வெற்றிக் கோட்டுக்கு ஓரடி முன்னால் சட்டென்று நின்று, குனிந்து மேய ஆரம்பித்தாள்.

எதிர்க் கல்லூரி முயல் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். "என்னக்கா, சுளுக்கா?"

"இல்லடா. நம்ம படத்தை விக்கிறவங்க வந்து ஓடட்டும்னு நிக்கிறேன்."

ஒரு தாவு தாவினால் கோப்பை முயலுக்குத்தான். ஆனால் வேலியோரக் கடையில் அவன் முகமும் பனியனில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டான்.

கூட்டம் கத்தியது. நரி கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடிவந்து கைகூப்பியது.

"ஒரே ஒரு அடி, தாயே! மானம் போகுது!"

மான் வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அந்த அடியை நீங்களே வைங்க, செயலாளரே. அடுத்த பனியன்ல உங்க படத்தைப் போட்டுக்கலாம்."