அடிவயிற்றுக் கோடு

“இந்தச் சனியனக் கையில பிடிக்கவே அருவருப்பா இருக்குங்க,” என்றாள் என் மனைவி.

அவள் கையில் இருந்தது ஒரு ஜாண் நீள பிளாஸ்டிக் விமானம். செத்த எலியைத் தூக்குவதுபோல் வாலை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தாள்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பசை நாற்றம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. தேய்த்த பிளாஸ்டிக் தூள் வேறு விரலிடுக்கில் மாவாக அப்பிக்கொள்ளும். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போகப் போகப் பழகிவிடும்.

என் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. போட்டிக்காக வண்ணம் அடித்துத் தருவதாகச் சொன்ன நண்பன் சாயங்காலம் விமானத்தை வாங்க வருவான். அதற்குள் கோடுகள் முடிந்தாக வேண்டும். அதனால்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நிஜ விமானத்தின் உடம்பு ஒரே தகடு அல்ல. பல தகடுகளை ஆணியடித்துச் சேர்த்தது. தகடும் தகடும் சந்திக்கிற இடுக்குதான் சின்ன விமானத்தில் மயிரிழைக் கோடாக வரும். இரண்டு பாதிகளை ஒட்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது அந்தக் கோடுகளும் சேர்ந்து அழிந்துவிடும். அழிந்ததைத் திரும்பக் கீற வேண்டும்.

கீறுவதற்கு ஓர் ஊசி. முனை மட்டும் கொக்கிபோல் வளைந்திருக்கும். தடித்த டேப்பை ஒட்டி, அதன் விளிம்பை அணைத்தபடி ஊசியை நம் பக்கம் இழுக்க வேண்டும். தள்ளக் கூடாது. முதல் இழுப்பில் அழுத்தமே கூடாது, ஊசியின் எடையே போதும். அவசரப்பட்டு அழுத்தினால் தடம் மாறி ஓடிவிடும். இழுக்க இழுக்கப் பள்ளம் தானாக ஆழமாகும். பிளாஸ்டிக் வெள்ளைச் சுருளாக எழுந்து வரும்.

“தோல உரிக்கிற மாதிரி இருக்கு,” என்று முகத்தைச் சுளித்தாள்.

ஆனால் கை சுத்தம். இறக்கைக் கோடுகளை அலுங்காமல் முடித்தாள். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு, எச்சில் பட்டதுபோல விரல்களைத் துணியில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியாக அடிவயிறு. எனக்கு உயிர் போகிற இடம் அதுதான்.

சின்ன விமானம் செய்கிற எங்கள் சங்கத்துப் போட்டி நடுவருக்கு எக்ஸ்ரே என்று பட்டப்பெயர். பல் டாக்டர் வைத்திருக்கிற குட்டிக் கண்ணாடியை விமானத்துக்கு அடியில் விட்டுப் பார்க்கிற ஆள். போன தடவை என் கோடு கோணல் என்று கண்டுபிடித்து, “மேல மாப்பிள்ளை, கீழ மண்ணாங்கட்டி” என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். இந்தத் தடவையும் தோற்றால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது.

வயிற்றில் இருப்பது குண்டு அறையின் இரட்டைக் கதவு. பறக்கும்போது சில நொடிகள்தான் திறக்கும். தரையில் நிற்கும்போது அடியில் குனிந்து படமெடுக்க எந்த ராணுவமும் விடாது. அதனால் தெளிவான படமே கிடையாது. இந்த விமானத்தின் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிற கம்பெனி தன் வசதிக்காக, இரண்டு பாதிகளும் ஒட்டுகிற நடு இணைப்பையே கதவின் இடுக்காக விட்டிருந்தது. நாங்களும் அதை நம்பி நடுவில்தான் கீறுவோம்.

“நடுவுல டேப்ப ஒட்டும்மா.”

அவள் ஒட்டவில்லை. விமானத்தைத் தலைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்துக்குத் தூக்கினாள். அண்ணாந்து பார்த்தாள். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன.

கண்மட்டத்தில் வைத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

கீழே இறக்கினாள். டேப்பை நடுவிலிருந்து தள்ளி, இடது பக்கமாக ஒட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் இழுக்க ஆரம்பித்துவிட்டாள். ஒரு நடுக்கம் இல்லை.

“போச்சு. கவுத்துட்டியே. எக்ஸ்ரே என்னை நாறடிச்சிருவாரு.”

“நடுவுல தொறக்காதுங்க. ஒரு கதவு பெருசு, ஒண்ணு சின்னது. சின்னதுதான் மொதல்ல தொறக்கும்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது, சந்தோஷத்தில். சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம்.

“எந்தப் புத்தகத்துல பாத்த? படம் இருக்கா?”

“படம் இல்ல. அஞ்சாங்கிளாஸ் படிக்கிறப்ப, எங்க ஊர்ல சண்டை நடந்த சமயம், பள்ளிக்கூட மைதானத்துல. டீச்சர் எல்லாரையும் கீழ படுங்கன்னு கத்துனாங்க. நான் தெரியாம மல்லாக்கப் படுத்துட்டேன்.”

கோட்டில் நின்ற சுருளை ஊதிவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

அடுத்து, இறக்கைக்கு அடியில் மாட்ட வேண்டிய குண்டுகள். பிளாஸ்டிக் சட்டத்தில் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவில், அத்தனை சின்ன வாலிலும் கோடுகளோடு. அந்த நுணுக்கத்துக்காகத்தான் இந்தப் பெட்டியைத் தேடிப்பிடித்து வாங்கினேன்.

வாசலில் நண்பன் ஹாரன் அடித்தான்.

சட்டத்தின் மேல் இடது கையைக் கவிழ்த்து மறைத்தபடி, நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.