வாய் திறந்தாள்

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த மறுநாள் காலை, குடத்தோடு மண்ணூர் அடிபம்புக்குப் போனாள் யோகமலர். ஒருத்தியும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சிலோனிலிருந்து அகதியாக வந்த நாள் முதல் அவளுக்குக் குழம்பு கொடுக்கிறவள் லூர்தம்மாள். என்ன நடந்ததென்று அவளிடம் கேட்க வாய் திறந்தாள்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது.

"வூட்ல கெடன்னா ஏன்டி வந்தே?"

யோகமலர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கையா அடித்தது?

பம்புக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் வந்தார்.

"போலீஸ்மா. சிலோன்காரங்களைத் தேடுறோம். பேச்சுலயே தெரிஞ்சிடும். இந்தப் பொண்ணைப் பேசச் சொல்லு."

"என் தங்கச்சி சார். பொறவி ஊமை. இன்னாத்தப் பேசும்?"

"ஆமா சார்" என்றது வரிசை மொத்தமும்.

முதலில் நின்றவள் அந்த வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு, நிரம்பிய தன் குடத்தை ஊமையின் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.