கரடிக் காசு

லிமாவின் ஞாயிற்றுக்கிழமை நாணயச் சந்தையில், எல்லோரும் ரூபெர்த்தோ கொண்டுவந்திருந்த, பெரு நாட்டின் புதிய ஒரு சோல் காசையே சுற்றி நின்றார்கள். அதில் கரடி பொறிக்கப்பட்டிருந்தது. வெள்ளிக் காசுகளைப் பரப்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனிபாலுக்கு வயிறு எரிந்தது.

“இது கரடியாப்பா? நனைஞ்ச நாய் மாதிரி இருக்கு. பழைய காசுன்னா முகத்துல ஒரு களை இருக்கும். இதைக் கொடுத்து ஒரு டம்ளர் மூலிகைத் தண்ணி குடி, உடம்புக்காவது நல்லது” என்றார் அனிபால்.

ரூபெர்த்தோவின் முகம் சுண்டிப்போனது. “உங்களுக்குத் தெரியாததாண்ணே” என்று எழுந்தவன், தள்ளுவண்டியில் மூலிகைத் தண்ணி விற்கும் எர்மினியாவிடம் அந்தக் காசைக் கொடுத்து ஒரு டம்ளர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் அனிபால் வண்டிக்கு ஓடினார். அவர் வீட்டு அலமாரியில் அந்த வரிசையின் பத்து விலங்குக் காசுகளில் ஒன்பது ஒளிந்திருந்தன. ஒரு வருஷமாகத் தேடியும் கரடி மட்டும் சிக்கவில்லை.

பத்து சோல் நோட்டை நீட்டினார். “ஒரு டம்ளர் கொடும்மா. மீதியில அந்தக் கரடி இருந்தாலும் பரவாயில்ல.”

எர்மினியா தேய்ந்துபோன ஒன்பது காசுகளைப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள்.

“கரடிய நான் எடுத்து வச்சுட்டேண்ணே. நானும் சேர்க்கிறேன், அது ஒண்ணுதான் இல்லாம இருந்துச்சு. உங்களுக்குத்தான் பழைய காசு பிடிக்குமே.”